இல்லாத தூண்

நாலரை அடிக்கும் ஐந்தேகால் அடிக்கும் நடுவே
இருக்கிறது எங்கள் பிழைப்பு.
கடைக்குள் நுழைந்த கண்
முதலில் போய் உட்காரும் இடம் அது.
அந்த இடத்துக்குக் கம்பெனிகள்
மாத வாடகை தருகின்றன.
முழங்கால் உயரம் குழந்தைகளுக்கு.
பால், கடைசிச் சுவரில்:
பாலுக்கு வந்தவர்
பதினோரு ஆசைகளைத் தாண்டிப் போகட்டும்.

உப்பு எப்போதும் அடித்தட்டு.
'உப்புக்கு விளம்பரம் வேண்டாம்,
உப்புக்கு யாரும் குனிவார்கள்.'
ஒரு மீட்டிங்கில் இதைச் சொன்னேன்.
கைதட்டினார்கள்.
அந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் வந்தது.

கோரமங்களாவில், மூன்றாம் மாடியில்,
பதினான்கு கடைகளுக்கு அலமாரி வரைகிறேன்.
திங்கள்தோறும் கடைகள் போட்டோ அனுப்பும்.
வரைந்தபடி இருந்தால் டிக்.

ஈஜிபுரா, ஒன்பதாம் நம்பர் கடை.
மூன்று வாரமாக
உப்பு கண்ணுக்கு நேரே நிற்கிறது.
முந்நூற்று நாற்பது ரூபாய் மூஸ்லி
தரையோடு தரையாக.
மூஸ்லி நாற்பத்தொரு பாக்கெட் குறைந்திருந்தது.
உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை.

இரண்டு கிலோமீட்டர். முக்கால் மணி நேரம்.
வழியெல்லாம்
சாலை இன்னும் வந்து சேராத மேம்பாலத் தூண்கள்,
எதையும் தாங்காமல்.

சகாயமேரிக்கு ஏழாம் மாதம்.
யூனிஃபார்மின் கடைசி இரண்டு பட்டன் போடவில்லை.
"உப்பு ஒரு நாளைக்கு நாலு சாக்கு, சார்.
சாக்குக்கு இருபத்தஞ்சு.
அந்த டப்பா ஒண்ணோ ரெண்டோதான் போகும்.
ஓடுறதை மேல வச்சேன்,
ஓடாததைக் கீழ வச்சேன்."

வாங்குகிறவர் ஒரு முறை குனிவார்.
அடுக்குகிறவர் எத்தனை முறை
என்பதற்கு என் எக்ஸெலில் கட்டமில்லை.

விலகலுக்குக் காரணம் கேட்கும் படிவத்தில்
ஐந்தே விடைகள்.
ஸ்டாக் இல்லை. அலமாரி உடைந்தது. நீர்க்கசிவு.
பண்டிகை மாற்றம். கட்டட இடையூறு.
ஐந்தாவதைத் தொட்டேன்.
விவரம்? என்றது.
கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டு
'தூண்' என்று எழுதினேன்.
அலமாரிக்கு முன்னால் தூண், கீழ்த்தட்டுதான் காலி,
மூஸ்லியை வேறெங்கும் வைக்க இயலாது.
ஏற்கப்பட்டது.

பெண் குழந்தை. லீவு முடிந்து அவள் திரும்பினாள்.
உப்பு மேலேயே இருந்தது.
தூணை யார் இடிப்பது?
ஒவ்வொரு காலாண்டும் புது வரைபடத்தில்
அதை நானே கவனமாக வரைந்தேன்,
ஒன்றரை அடிக்கு ஒன்றரை, சாம்பல் நிறம்.

பிறகு மார்க்கெட்டிங்குக்கு சராவ்கி வந்தார்.
வரைபடங்களை இரவெல்லாம் படிக்கிற மனிதர்.
"ஒன்பதில் ஒரு தூண் சும்மா நிற்கிறதே!"
நாலு பக்கத்தில் முன்பக்கத்தை
ஒரு சோப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்.
மூன்று மாத வாடகை முன்பணமாக வந்தாயிற்று.
வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ வேண்டுமாம்.

வெள்ளி இரவு, ஒன்பதரை, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
உப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்று
நெற்றியிலிருந்து முழங்கால்வரை
போஸ்டரைப் பிடித்துக்கொண்டாள்.
மல்லிகை நுரையில் ஒரு நடிகை முகம்.
"சிரிக்காதீங்க மேரி, தூண் ஆடுது" என்றேன்.
இன்னும் ஆடியது.
ஏழாவது படம் தேறியது.
ஓரங்களில் தெரிந்த எட்டு விரல்களை வெட்டினேன்,
கீழே செருப்பையும்.

காலையில் பதில்:
மிக நல்ல இடம்.
மற்றக் கடைகளிலும் இப்படித் தூண்கள் உண்டா?

இன்னும் பதில் எழுதவில்லை.
பதின்மூன்று கடைகளுக்கும் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறேன்:
உங்களிடம் உப்பை அடுக்குவது யார்?
பெயர், உயரம்.